பாதுகாப்பு நிலையில் சிக்கிய கைப்பேசி

இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

பணம் அனுப்புவதும், பேருந்து நேரம் பார்ப்பதும், தேர்வு முடிவு அறிவதும் இன்று கைப்பேசி என்னும் அந்தச் சிறு கண்ணாடிப் பலகையில்தான் என்றாகிவிட்டது. அக்கருவி ஒருநாள் காலை, திரையின் கீழ் மூலையில் 'சேஃப் மோட்' என்ற இரண்டு சொற்களைக் காட்டிக்கொண்டு, நாம் சேர்த்து வைத்த செயலிகள் எதையும் திறக்க மறுத்தால் நமக்கு என்ன தோன்றும்? எல்லாம் போயிற்று என்றுதான் தோன்றும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தோன்றிற்று.

அது என் அம்மாவின் கைப்பேசி. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே துபாயில் வேலை பார்த்த என் தாய்மாமன் வாட்சப்பில் குரலாகவே பேசி அனுப்புவார். சென்ற ஆண்டு அவர் காலமானார். அந்தக் குரல்களை அம்மா மாலை வேளைகளில் அடுப்படியில் அமர்ந்து கேட்பதுண்டு. அன்று காலை வாட்சப் சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடந்தது, தொட்டால் திறக்கவில்லை. கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவர், "சாஃப்ட்வேர் போயிருச்சு. மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போடணும், நானூறு ரூபாய் ஆகும்" என்றாராம். மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்க அப்பா பணமும் எடுத்து வைத்துவிட்டார். "ஒரு ராத்திரி பொறுங்கப்பா" என்று சொல்லி நான் வாங்கிக்கொண்டேன்.

சேஃப் மோட், அதாவது பாதுகாப்பு நிலை, ஒரு நோயன்று. நோய் எங்கே என்று காண்பதற்கான வழி. வீட்டில் ப்யூஸ் அடிக்கடி போனால் ஒயர்மேன் என்ன செய்கிறார்? எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, மெயினை மட்டும் போட்டுப் பார்க்கிறார். அப்போது ப்யூஸ் நின்றால் மெயினில் குற்றமில்லை. மிக்சியிலோ மோட்டாரிலோதான் கோளாறு. கைப்பேசியும் இவ்வாறே. ஆண்ட்ராய்டு இயங்குதளமும், வாங்கும்போதே அதில் இருந்த செயலிகளும் மட்டும் இயங்கும். பின்னால் நாம் இறக்கியவை உறங்க வைக்கப்படும். உறங்குகின்றன, அவ்வளவுதான், அவையும் அவற்றுள் இருப்பவையும் அழிவதில்லை. பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், எடுத்த படங்களைப் பார்க்கலாம். தமிழில் தட்டச்சு செய்யத் தனியாக விசைப்பலகை இறக்கியிருந்தால் அது மறைந்து, பழைய விசைப்பலகை வந்து நிற்கும். இவ்வேற்பாடு புதியதன்று. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95 கணிப்பொறியிலேயே உண்டு. முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி விற்பனைக்கு வந்ததோ 2008-இல்தான்.

இதன் பயன் பெரிது. கண்ட இடத்தில் இறக்கிய செயலி ஒன்று திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு விளம்பரம் காட்டுகிறது அல்லது பணம் கேட்டு மிரட்டுகிறது என்று வையுங்கள். பாதுகாப்பு நிலையில் அது எழுந்திருக்காது. அமைப்புகளுக்குள் சென்று அதை நீக்கிவிட்டு வெளியேறலாம். ஐயம் பல செயலிகளின் மேல் இருந்தால், கடைசியாக இறக்கியதிலிருந்து தொடங்கி, ஒன்றை நீக்கி, கைப்பேசியைத் திரும்ப இயக்கிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். பொறுமை வேண்டும் வேலை!

சரி, வெளியே வருவது எப்படி? பெரும்பாலும் அணைத்து மீண்டும் போட்டாலே போதும். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து 'ரீஸ்டார்ட்' என்பதைத் தொட வேண்டும். சில மாடல்களில் பவர் பொத்தானுடன் ஒலியைக் கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால்தான் அந்தப் பட்டியல் வரும். சிலவற்றில் மேலிருந்து திரையை இழுத்தால் 'சேஃப் மோட் இயக்கத்தில் உள்ளது' என்ற அறிவிப்பு இருக்கும்; அதைத் தொட்டாலும் ஆயிற்று. திரை அசையாமல் நின்றுவிட்டால், பல கைப்பேசிகளில் பவர் பொத்தானை முப்பது விநாடி வரை விடாமல் பிடித்தால் தானே அணைந்து எழும்.

நான் மூன்று முறை அணைத்துப் போட்டேன். மூன்று முறையும் அதே இரண்டு சொற்கள். இங்கேதான் நமது ஆய்வகம் எனக்குக் கைகொடுத்தது. பிழை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தால் நம் கையைச் சந்தேகி. ஒரே மாதிரி வந்தால் கருவியைச் சந்தேகி என்று வெர்னியர் அளவியை வைத்துக்கொண்டு எங்கள் விரிவுரையாளர் சொல்வார். ஆகவே கருவியைப் பார்த்தேன். பல மாடல்களில், கைப்பேசி எழும் நேரத்தில் ஒலியைக் குறைக்கும் பொத்தான் அழுந்தியிருந்தால் அது பாதுகாப்பு நிலையில்தான் எழும். அம்மா முந்தின நாள் சந்தையில் முப்பது ரூபாய்க்கு ஓர் உறை வாங்கி மாட்டியிருந்தார்கள். அளவில் சற்றே சிறியது. அதன் விளிம்பு சரியாக அந்தப் பொத்தானின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது!

உறையைக் கழற்றினேன். பொத்தான் இடுக்கில் இருந்த மாவுத் தூசியை உலர்ந்த பல்துலக்கியால் தட்டினேன். அழுத்திவிட்டால் பொத்தான் துள்ளி மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டு மறுபடி போட்டேன். அச்சொற்கள் இல்லை. வாட்சப் நிறம் பெற்றிருந்தது. உறை இல்லாமலும் உங்கள் கைப்பேசி இதே பிடிவாதம் பிடித்தால், பொத்தானே உள்ளே பழுதாகியிருக்கக்கூடும். அதற்குப் பொத்தானை மாற்றச் சொல்லுங்கள், அழிக்கச் சொல்லாதீர்கள். 'ஃபாக்டரி ரீசெட்', 'வைப் டேட்டா' என்பவையெல்லாம் வேறு. அவை சுவிட்சை அணைப்பதன்று, வீட்டையே காலி செய்வது. வேறிடத்தில் நகல் எடுத்து வைக்காதவர்கள் அதற்குச் சம்மதிக்கவே கூடாது. எங்கள் வீட்டில் நகல் எடுத்து வைத்தது அன்றிரவுதான்.

நடந்ததைச் சொல்லுமுன்பே அம்மா கைப்பேசியை வாங்கி, மாமாவின் குரலைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டார்கள். கேட்டு முடித்த பிறகுதான், முகப்பில் இருந்த தினசரி நாட்காட்டியைக் காணோமே என்றார்கள். நாம் இறக்கிய செயலிகள் முகப்பில் வைக்கும் இத்தகைய சிறு பலகைகள் பாதுகாப்பு நிலைக்குப் போய்வந்தால் மறைந்துவிடுவது உண்டு. திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளலாம். வைத்துக் கொடுத்தேன். முப்பது ரூபாய் உறையை மட்டும் எறிய அவர்களுக்கு மனம் வரவில்லை. பொத்தான் வருமிடத்தில் பிளேடால் வெட்டி, இப்போதும் அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள்.