கன்சிக்னியா

கன்சிக்னியா என்பது ஐக்கிய இராச்சியத்தின் அரசுடைமை அஞ்சல் நிறுவனம் 2001 மார்ச் முதல் 2002 நவம்பர் வரை கொண்டிருந்த பெயர் ஆகும். தோல்வியுற்ற நிறுவனப் பெயர்மாற்றங்களுக்கு எடுத்துக்காட்டாக இது அடிக்கடி குறிப்பிடப்படுகிறது.

பின்னணி

இங்கிலாந்தின் அரச அஞ்சல் சேவை 1635 இல் முதலாம் சார்லசு மன்னரால் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நெடுங்காலம் அரசுத் துறையாக இருந்த இச்சேவை, 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 'போஸ்ட் ஆபீஸ்' என்னும் பொதுத்துறைக் கழகமாக மாற்றப்பட்டது. அதன் கீழ் ராயல் மெயில் கடிதங்களையும், பார்சல்ஃபோர்ஸ் பொதிகளையும் கையாண்டன. மற்றொரு பிரிவு அஞ்சலகங்களை நடத்தியது. 2000 ஆம் ஆண்டின் அஞ்சல் சேவைகள் சட்டத்தைத் தொடர்ந்து, இக்கழகம் பங்குகள் முழுவதையும் அரசே வைத்திருக்கும் நிறுமமாக மாறியது. அந்நிறுமத்துக்கே கன்சிக்னியா என்று பெயரிடப்பட்டது.

பெயர்த் தெரிவு

'போஸ்ட் ஆபீஸ்' என்பது எந்த நாட்டு அஞ்சலகத்தையும் குறிக்கக்கூடிய பொதுச்சொல். 1999 இல் செருமானியப் பொதி நிறுவனம் ஒன்றை வாங்கி, வெளிநாடுகளில் விரிவடைய முயன்ற நிறுவனத்துக்கு அது போதாது எனக் கருதப்பட்டது. பொறுப்பாக ஒப்படைத்தல் என்னும் பொருள்கொண்ட 'கன்சைன்' என்ற ஆங்கில வினைச்சொல்லை நினைவூட்டும் வகையில் புதிய பெயர் புனையப்பட்டது. அகராதியில் இல்லாத புனைசொற்களை வணிகச் சின்னமாகப் பதிவு செய்வது பொதுவாக எளிது.

எதிர்ப்பும் கைவிடலும்

புதிய பெயர் தாய் நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. மக்கள் அன்றாடம் கண்ட ராயல் மெயில், போஸ்ட் ஆபீஸ் ஆகிய பெயர்கள் மாறவில்லை. எனினும் பழைய பெயரே ஒழிந்துவிட்டதாகப் பலர் எண்ணினர். ஊடகங்கள் கேலி செய்தன. அஞ்சல் ஊழியர் சங்கம் அப்பெயரைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. 2002 சூனில் ஏறத்தாழ 110 கோடி பவுண்டு இழப்பு அறிவிக்கப்பட்டபோது, பெயர் கைவிடப்படும் என்பதும் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் நிறுவனம் 'ராயல் மெயில் குழுமம்' ஆனது.

ஒப்பீடு

2001 சனவரி 1 அன்று ஆண்டர்சன் கன்சல்டிங் நிறுவனம் அக்சென்ச்சர் எனப் பெயர் மாறியது. இதுவும் புனைசொல்லே, ஆனால் நிலைத்துவிட்டது. நடுவர் தீர்ப்பின்படி அந்நிறுவனம் பழைய பெயரை விட்டாக வேண்டியிருந்தது; அதன் வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் நிறுவனங்களே. 2002 இல் என்ரான் ஊழலால் ஆர்தர் ஆண்டர்சன் வீழ்ந்தபோது, வேறு பெயர் கொண்டிருந்தது அதற்கு நன்மையாகவும் அமைந்தது. கன்சிக்னியாவுக்கோ அத்தகைய கட்டாயம் இல்லை. தலைமுறைகளாக மக்கள் நம்பிக்கையைப் பெற்றிருந்த பெயரை அது தானே விலக்கியது.

பிற்காலம்

ராயல் மெயில் 2013 இல் தனியார்மயமாக்கப்பட்டது. 2022 இல் அதன் தாய் நிறுவனம் 'இன்டர்நேஷனல் டிஸ்ட்ரிபியூஷன்ஸ் சர்வீசஸ்' என மீண்டும் பெயர் மாறியது. எனினும் கடிதச் சேவை ராயல் மெயில் என்ற பெயரிலேயே தொடர்ந்தது.