கைகோக்கும் ஆட்டம்

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், நாகமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது நாகமலை புதுக்கோட்டை. இதனைச் சூழ்ந்த ஊர்களின் வளரிளம் பருவத்தினர் நன்கு அறிந்த குழு விளையாட்டு, சடுகுடு எனப்படும் கபடி. தமிழ்நாட்டின் மாநில விளையாட்டான இது, 1990ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் முதன்முறையாகப் பதக்கப் போட்டியாயிற்று.

அணிக்கு எழுவர் களத்தில் ஆடுவர். பாடிச் செல்பவர் 30 நொடிகளுக்குள் எதிரணியினரைத் தொட்டு மீள வேண்டும். அவரை மடக்கத் தடுப்பாளர்கள் கைகோத்து நிற்பர். ஒருவர் பிடி தளர்ந்தாலும் அரண் உடையும். ஆட்டமிழந்தவரும் கைவிடப்படுவதில்லை. எதிரணியினர் ஒருவர் வெளியேற்றப்படும்போது, முன்னர் வெளியேறிய தம் அணி வீரர் ஒருவர் மீண்டும் களம் புகுவார். இவ்வாறு ஒருவரின் உழைப்பு மற்றவருக்கு மறுவாய்ப்பாகிறது.

கைகோத்து நிற்பவர் எச்சாதியினர், எத்தெருவினர் என்று பார்ப்பவரால் இவ்வாட்டத்தை ஆட இயலாது. எனினும், ஒரே தெருவினர் மட்டும் கூடி அமைக்கும் அணி, வேற்றுமையை வளர்க்கவும் கூடும். ஆகவே, பள்ளிகளில் பல தெருவினரையும் கலந்து அணிகள் அமைத்தல் வேண்டும். அவ்வாறு ஆடிப் பழகியோர்க்குக் களத்தில் தோன்றும் நம்பிக்கை, வகுப்பறையிலும் ஊரிலும் நட்பாக வளரும்.