டிராக்டர், டிரெய்லர், குட்டி யானை: வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பது எப்படி?



வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவன் இன்றைக்கு வண்டி இன்ஷூரன்ஸ் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. முன்பு ஊருக்கு ஒரு டிராக்டர் இருந்தால் பெரிய விஷயம். இப்போது ஓரளவு வசதியான விவசாயி வீட்டுக் களத்தில் ஒரு டிராக்டர், இரண்டு டிரெய்லர், சந்தைக்குக் காய்கறி ஏற்ற ஒரு குட்டி யானை, பால் கேன் கட்டிக்கொண்டு போக ஒரு மோட்டார் சைக்கிள் என்று நாலைந்து வண்டி நிற்கிறது. சம்பளத்துக்கு டிரைவர் இருக்கிறார். பக்கத்து நிலங்களுக்கு வாடகை உழவும் நடக்கிறது. இது ஒரு சிறு தொழில்தானே? மாட்டுக்குக் கழுத்துப் புண் வந்தால் உடனே மருந்து போடுகிற நாம், இந்த வண்டிகளின் காகிதத்தை மட்டும் பீரோவில் போட்டு மறந்துவிடுகிறோம்.

முதலில் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ். ‘தேர்டு பார்ட்டி’ என்று ஏஜெண்ட் சொல்வாரே, அதுதான். உங்கள் வண்டியால் ஒரு வெளியாளுக்குச் சாவோ காயமோ ஏற்பட்டால், அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ நீங்கள் தரவேண்டிய நஷ்ட ஈட்டைக் கம்பெனி தரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இல்லாமல் ரோட்டில் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000 ரூபாய்.

அபராதத்தை விடுங்கள், அது சின்ன விஷயம். பெரிய விஷயத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கிற, 35 வயதுக் கொத்தனார் ஒருவர் உங்கள் வண்டி மோதி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என நான்கு பேர் அவரை நம்பியிருக்கிறார்கள். நீதிமன்றம் எப்படிக் கணக்கிடும்? வருட வருமானம் 1,80,000. பின்னால் வருமானம் கூடியிருக்கும் அல்லவா, அதற்காக நூற்றுக்கு 40 சேர்ப்பார்கள், 2,52,000 ஆகிறது. அவருடைய சொந்தச் செலவு என்று கால் பங்கு கழித்தால் 1,89,000. அந்த வயதுக்கு உரிய பெருக்கும் எண் 16. பெருக்கிப் பாருங்கள்: 30,24,000 ரூபாய்! ஈமச் செலவு முதலியவை இதற்கு மேல். இந்த முறையை உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் தீர்ப்புகளில் வகுத்துத் தந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும்; உயிருக்கும் உடம்புக்கும் உச்ச வரம்பே கிடையாது. (சொத்துச் சேதத்துக்கு மட்டும் டிராக்டர், சரக்கு வண்டிகளுக்கு ஏழரை லட்சம் என்று வரம்பு உண்டு.) இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால்? நிலத்தின் மேல் ஜப்தி வரும்.

“என்னிடம்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே!” என்று சிலர் சொல்வீர்கள். சரி, டிராக்டருக்கு இருக்கிறது. டிரெய்லருக்கு? சட்டத்தின் கண்ணில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதன் எண்ணும் பாலிசியில் ஏறியிருக்க வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து, டிரெய்லரில் ஆள் ஏற்றுவது. நடவுக்கும் களைக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறோம். கோயில் திருவிழாவுக்கு ஊரையே ஏற்றிக்கொண்டு போகிறோம். டிராக்டரில் டிரைவர் ஒருவருக்குத்தான் இடம். மட்கார்டில் உட்கார்ந்து வருகிறவர் கணக்கில் சேர மாட்டார். 2007-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. செங்கல் சூளைக்கு மண் எடுக்கும் வேலையில் இருந்த டிராக்டர். பாலிசி விவசாய வேலைக்கு மட்டும். டிரெய்லருக்கு இன்ஷூரன்ஸே இல்லை. அடிபட்டவர் ஒரு கூலித் தொழிலாளி. கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அவர் ஏழை என்பதால், கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. அந்த ‘வசூலித்துக்கொள்ளட்டும்’ என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். தொழிலாளிக்குப் பணம் கிடைத்தது. சுமை சொந்தக்காரர் தலையில் விழுந்தது. மணல், செங்கல் என்று வாடகைக்கு ஓட்டுகிற எண்ணம் இருந்தால் விவசாயப் பாலிசியை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அதற்கு உரிய பதிவையும் பாலிசியையும் முதலில் வாங்குங்கள். அடுத்தவர் நிலத்துக்கு வாடகை உழவு ஓட்டுவதையும் பாலிசி எடுக்கும்போதே சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

குட்டி யானையில், சரக்கோடு சரக்குக்காரரோ அவருடைய ஆளோ போனால், 1994-ல் வந்த திருத்தத்தின்படி அவர் மூன்றாம் நபர் பாதுகாப்பில் சேர்ந்தவர். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளிப் பெட்டிகளோடு போகிறவருக்கு இது பொருந்தும். அதே வண்டியில் கல்யாணத்துக்குப் போகிற உறவுக்காரர்களுக்குப் பொருந்தாது. ஏற்றி இறக்கும் கூலி ஆட்களுக்கும், சம்பள டிரைவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று கொஞ்சம் கூடுதலாகக் கட்டிப் பாலிசியில் சேர்த்துவிடுங்கள். ஒரு டீ, வடைக் காசில் தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது.

லைசென்ஸ் பற்றி ஒரு நல்ல செய்தி. இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆனால் பள்ளிக்கூடம் போகிற பையனை டிராக்டரில் ஏற்றி “ஓட்டுடா ராஜா” என்று பெருமைப்படுகிற தகப்பனாருக்கு நல்ல செய்தி இல்லை. பதினெட்டு வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், தகப்பனாருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. கம்பெனி கொடுத்த நஷ்ட ஈடும் உங்களிடம் திரும்பி வரும்.

இனி, சொந்த வண்டியின் சேதம். ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ என்கிறோம். பேரில்தான் ஃபுல். வண்டி வயதுக்குத் தகுந்தாற்போல் அதன் மதிப்பைக் குறைப்பார்கள்: வழக்கமாக இரண்டு வருடம் தாண்டினால் நூற்றுக்கு 30, நான்கு வருடம் தாண்டினால் 50. பிரீமியம் குறையும் என்று ஏஜெண்ட் அந்த மதிப்பை இன்னும் இறக்கிப் போடப் பார்ப்பார்; ஒப்புக்கொள்ளாதீர்கள். திருட்டுப் போனால் அந்த எண்ணுக்கு மேல் ஒரு ரூபாய் வராது. டயர், டியூப், பேட்டரிக்குப் பாதிதான் கிடைக்கும். சரக்கு வண்டிகளில் விளக்கு, மட்கார்டு, பம்பர், பெயிண்ட் இவை தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் சேரும். ரோட்டவேட்டர் போன்ற கருவியும் பாலிசியில் எழுதிச் சேர்த்திருக்க வேண்டும்.

எல்லா வண்டிக்கும் ஃபுல் தேவையா? தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பாங்கிக் கடனில் இருக்கிற புது டிராக்டருக்குக் கட்டாயம் வேண்டும். பதினைந்து வருடத்துப் பழைய டிராக்டருக்கு மூன்றாம் நபர் மட்டும் போதும். அந்தப் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். பேரம் பேசுவதானால் சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும் பேசுங்கள்.

கிளைம் கேட்காத வருடத்துக்குச் சலுகை உண்டு: முதல் வருடம் நூற்றுக்கு 20, பிறகு 25, 35, 45, ஐந்தாம் வருடம் 50. இது வண்டிக்கு வண்டி தனி. சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 என்று வையுங்கள், 35-ல் இருக்கிறீர்கள். இந்த வருடம் 4,000 ரூபாய் வேலைக்குக் கிளைம் போட்டால், அடுத்த வருடம் கிடைக்க வேண்டிய 4,500 சலுகை போய்விடும். அதற்கடுத்த வருடமும் மறுபடி இருபதிலிருந்துதான் தொடங்க வேண்டும். சின்ன ஒடுக்கெடுப்பைக் கைக்காசில் முடித்துக்கொள்வது லாபம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் சலுகை போயிற்று.

நாலு வண்டிக்கு நாலு தேதி இருப்பதால்தான் மறதி வருகிறது. எல்லாவற்றையும் ஒரே தேதிக்குக் கொண்டுவர முடியுமா என்று கம்பெனியில் கேளுங்கள். அதுவரை ஒரு நோட்டில் வண்டி எண், பாலிசி எண், முடியும் தேதி, எஃப்.சி. தேதி எழுதி, நாட்காட்டியிலும் வட்டம் போடுங்கள். செக் கொடுத்தால் கணக்கில் பணம் இருக்கட்டும். பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனிக்குப் பொறுப்புத் தொடங்காது என்பது 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டம்.

பழைய டிராக்டர் வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். விற்றவர்களே, நீங்களும் கேளுங்கள்! ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும்வரை விபத்துக்கு நீங்கள்தான் சொந்தக்காரர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விபத்து நடந்தால் அடிபட்டவரை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிறகு போலீசுக்கும் கம்பெனிக்கும் அன்றைக்கே தகவல். சர்வேயர் வந்து பார்க்கும்வரை பழுது நீக்க விடாதீர்கள். செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். கம்பெனி காரணமில்லாமல் மறுத்தால் முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். பாலிசி நகலையும் கம்பெனியின் கடிதத்தையும் இணைத்து அனுப்புங்கள்.