பிரிட்டனில் படிப்பு முடிந்ததும் வேலை விசாவுக்கு மாறுவது எப்படி? தேதி தவறினால் 6 மாதம் போச்சு... முழு விவரம்!

பிரிட்டனில் ஒரு வருட மாஸ்டர்ஸ் படிக்கப் போகும் பெரும்பாலான மாணவர்களின் கணக்கு ஒன்றுதான். படிப்பை முடிப்போம், ஒரு வேலையைப் பிடிப்போம், கடனை அடைப்போம். ஆனால் மாணவர் விசாவில் இருந்து வேலை விசாவுக்கு மாறும் விதிகள் 2023-க்குப் பிறகு அடுத்தடுத்து இறுகிவிட்டன. சீனியர்கள் சொன்ன வழி இப்போது அப்படியே பொருந்தாது. இன்றைய நிலை என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

படிக்கும்போதே மாற முடியுமா?

முடியாது. முன்பெல்லாம் கோர்ஸில் சேர்ந்த சில மாதங்களிலேயே படிப்பை விட்டுவிட்டு வேலை விசாவுக்குத் தாவியவர்கள் உண்டு. 2023 ஜூலை 17-ம் தேதியோடு அந்தக் கதவு மூடப்பட்டது.

இப்போது படிப்பை முடித்திருக்க வேண்டும். அல்லது பட்டப்படிப்பு, அதற்கு மேல் படிப்பவராக இருந்து, வேலையில் சேரும் தேதி கோர்ஸ் முடியும் தேதிக்குப் பிறகு இருக்க வேண்டும். பிஎச்.டி. மாணவர்களுக்கு மட்டும் 24 மாதம் படித்திருந்தால் மாறலாம்.

இருப்பது இரண்டு வழி

முதல் வழி, கிராஜுவேட் விசா. இதற்கு வேலையோ ஸ்பான்சரோ தேவையில்லை. எந்த வேலையும் பார்க்கலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். விளையாட்டு வீரராகத் தொழில் செய்ய மட்டும் அனுமதி இல்லை. இந்த விசாவை நீட்டிக்க முடியாது.

இரண்டாவது வழி, ஸ்கில்டு வொர்க்கர் விசா. இதுதான் முழுமையான வேலை விசா. உள்துறை அமைச்சகத்தின் ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனம் வேலை கொடுத்து, ஸ்பான்சர்ஷிப் சான்றிதழும் வழங்க வேண்டும். அதே நிறுவனத்தில், அதே வேலையில்தான் இருக்க முடியும். கம்பெனி மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

கிராஜுவேட் விசா: டிசம்பர் 31 ஏன் முக்கியம்?

மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு கிராஜுவேட் விசா 2 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இது 18 மாதமாகக் குறைகிறது. பிஎச்.டி. முடித்தவர்களுக்கு 3 ஆண்டுகள் என்பதில் மாற்றம் இல்லை.

கணக்கில் வருவது படிப்பு முடிந்த தேதி அல்ல, விண்ணப்பித்த தேதி. சிக்கலே இங்கேதான். மாணவர் படிப்பை வெற்றிகரமாக முடித்துவிட்டார் என்று பல்கலைக்கழகம் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவித்த பிறகே விண்ணப்பிக்க முடியும்.

2025 செப்டம்பரில் ஒரு வருட மாஸ்டர்ஸ் சேர்ந்தவரை எடுத்துக்கொள்வோம். 2026 செப்டம்பரில் ஆய்வறிக்கை கொடுத்தால், ரிசல்ட் வர நவம்பர், டிசம்பர் ஆகிவிடலாம். ஒரு பேப்பரில் அரியர் விழுந்தாலோ, ஆய்வறிக்கைக்குக் கூடுதல் அவகாசம் கேட்டாலோ ஜனவரியைத் தாண்டிவிடும். அப்புறம் 2 ஆண்டு கிடையாது, 18 மாதம்தான். அதனால் ரிசல்ட் எப்போது, உள்துறை அமைச்சகத்துக்குத் தகவல் எப்போது போகும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

ஊருக்கு வந்துவிட்டு விண்ணப்பிக்கலாமா?

கூடாது. கிராஜுவேட் விசாவுக்கு பிரிட்டனில் இருந்தபடி, மாணவர் விசா காலாவதியாகும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வருடம் அல்லது அதற்கு மேற்பட்ட கோர்ஸ் என்றால், படிப்பு முடிந்த பிறகு பொதுவாக 4 மாதம் மாணவர் விசா செல்லுபடியாகும். அதற்குள் முடித்தாக வேண்டும்.

விண்ணப்பித்த பிறகு பழைய விசா காலாவதியானாலும், முடிவு வரும் வரை சட்டப்படி அங்கேயே தங்கலாம். ஆனால் முடிவு வரும் முன்பு, 'அக்கா கல்யாணம்' என்று சென்னைக்கு விமானம் ஏறினால் விண்ணப்பம் வாபஸ் பெறப்பட்டதாகவே கருதப்படும். பிரிட்டனுக்குள் இருந்து விண்ணப்பிக்கும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கும் இதே விதிதான்.

சம்பளம் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண்டு. படிப்பை முடித்து மாறுபவர்கள் 'புதிதாக வேலைக்கு வருபவர்' என்ற பிரிவில் வருவதால் அவர்களுக்குச் சலுகை உண்டு. 33,400 பவுண்டு, அல்லது அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த சம்பளத்தில் 70 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது இருந்தால் போதும்.

உதாரணமாக, ஒரு வேலைக்கு அரசு நிர்ணயித்த சம்பளம் 50,000 பவுண்டு என்றால் அதில் 70 சதவீதம் 35,000. இது 33,400-ஐ விட அதிகம். எனவே 35,000 பவுண்டு சம்பளம் வேண்டும்.

வேலையும் பொதுவாகப் பட்டப்படிப்பு நிலைக்கு உரியதாக இருக்க வேண்டும். ஹோட்டல் சமையல் கலைஞர் போன்ற வேலைகள், புதிதாக இந்த விசாவுக்கு வருபவர்களுக்கு 2025 ஜூலையில் நீக்கப்பட்டுவிட்டன. முதியோர் பராமரிப்பு வேலைக்கு, அதே நிறுவனத்தில் ஏற்கெனவே குறைந்தது 3 மாதம் சட்டப்படி வேலை பார்த்திருந்தால் மட்டுமே மாற முடியும். அதுவும் 2028 ஜூலை 22 வரைதான்.

பலருக்குத் தெரியாத 4 ஆண்டு கணக்கு

சம்பளச் சலுகை அதிகபட்சம் 4 ஆண்டுகளுக்குத்தான். கிராஜுவேட் விசாவில் இருந்த காலமும் இந்த 4 ஆண்டுக்குள் அடங்கும்.

2 ஆண்டு கிராஜுவேட் விசாவில் இருந்துவிட்டு வேலை விசாவுக்கு வந்தால், சலுகைச் சம்பளத்தில் மீதம் 2 ஆண்டுதான். அதற்குப் பிறகு நீட்டிக்க வேண்டுமானால் முழுச் சம்பள வரம்பை எட்டியிருக்க வேண்டும். மாணவர் விசாவில் இருந்து நேரடியாக மாறியவருக்கு முழு 4 ஆண்டும் கிடைக்கும். ஸ்கில்டு வொர்க்கர் வழியில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது கிராஜுவேட் விசா ஆண்டுகள் கணக்கில் வராது என்பதையும் மறக்கக் கூடாது.

கம்பெனிக்கும் லாபம்!

வெளிநாட்டவரை ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் அரசுக்குத் திறன் கட்டணம் செலுத்த வேண்டும். 2025 டிசம்பர் முதல் பெரிய நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 1,320 பவுண்டு, சிறிய நிறுவனங்களுக்கு 480 பவுண்டு. பிரிட்டனில் இருந்தபடி மாணவர் விசாவில் இருந்து நேரடியாக மாறுபவருக்கு இந்தக் கட்டணம் இல்லை. கிராஜுவேட் விசாவில் இருந்து மாறினால் உண்டு.

அதாவது 3 ஆண்டுக்கு ஒரு பெரிய நிறுவனத்துக்கு 3,960 பவுண்டு மிச்சம். 'ஸ்பான்சர்ஷிப் செலவு அதிகம்' என்று தயங்கும் நிறுவனத்திடம் இன்டர்வியூவிலேயே இதை எடுத்துச் சொல்லலாம்.

மாணவருக்கு என்ன செலவு?

2025 ஏப்ரல் கட்டணப்படி கிராஜுவேட் விசாவுக்கு 880 பவுண்டு. ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம் தனி. 2 ஆண்டுக்கு மொத்தம் 2,950 பவுண்டு. நேரடியாக 3 ஆண்டு வேலை விசாவுக்குப் போனால் 885 பவுண்டும் மருத்துவக் கட்டணம் 3,105 பவுண்டும் சேர்த்து 3,990 பவுண்டு. சில நிறுவனங்கள் இதை ஏற்றுக்கொள்ளும். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

'ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தர்றோம்' என்றால்?

உஷார்! கிராஜுவேட் விசா முடியும் நேரத்தில்தான் இந்த வலை விரிக்கப்படுகிறது. 'இத்தனை லட்சம் கொடுங்க, சான்றிதழ் ரெடி' என்பார்கள். ஆனால் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் கட்டணத்தையோ திறன் கட்டணத்தையோ ஊழியரிடம் வசூலிக்க நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. காசு கேட்டாலே சந்தேகப்பட வேண்டும்.

உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியல் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்த வேலை உண்மையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் உரிமம் ரத்தானால், வேறு ஸ்பான்சரைத் தேட ஊழியருக்குப் பொதுவாக 60 நாள் அவகாசம்தான் கிடைக்கும். கொடுத்த பணமும் போய், விசாவும் போய்விடும்.

அப்போ என்ன செய்யலாம்?

கோர்ஸில் சேர்ந்த முதல் மாதத்திலேயே வேலை தேடத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். பெரிய நிறுவனங்கள் பட்டதாரிகளுக்கான வேலைகளை இலையுதிர் காலத்திலேயே, அதாவது வேலையில் சேர ஏறக்குறைய ஓராண்டு முன்பே அறிவிக்கத் தொடங்கிவிடும். படிப்பு முடியட்டும், பார்த்துக்கலாம் என்று இருந்தால் அந்த வாய்ப்பு கை நழுவும்.

படிப்பு முடியும் முன் ஸ்பான்சர் கிடைத்தால், கிராஜுவேட் விசாவைத் தாண்டி நேரடியாக வேலை விசாவுக்குப் போவதே பெரும்பாலும் லாபம். கிடைக்கவில்லை என்றால் கிராஜுவேட் விசா கைகொடுக்கும். அது வேலை தேடக் கிடைக்கும் அவகாசம் மட்டும்தான். 4 ஆண்டு கணக்கு அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடும்.