மூன்று நிறுவனங்கள் ஒரே வாரியமானது ஏன்?

ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பெயரை அறியாத தோட்டப்புறம் நம் நாட்டில் இல்லை எனலாம். 1925-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட அக்கழகமே ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற நல்லின மரங்களை நமக்கு அளித்தது. அக்கழகம் இன்று எங்கே என்று வினவுவோர்க்காக இவ்விளக்கத்தைத் தருகிறோம்.

முன்பு ரப்பர்த் துறையை மூன்று நிறுவனங்கள் தனித்தனியே கவனித்து வந்தன. மரத்தையும் பாலையும் ஆராய்ந்தது ஆராய்ச்சிக் கழகம். ஆராய்ச்சித் திட்டங்களையும் அதற்கான நிதியையும் ஒருங்கிணைத்தது ரப்பர் ஆராய்ச்சி, மேம்பாட்டு வாரியம். வாணிபத்தைக் கண்காணித்து உரிமம் வழங்கியது ரப்பர்ச் சந்தை, உரிம வாரியம். ஆனால், மரமும் பாலும் விலையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பாலில் அழுக்குச் சேர்ந்தால் தரம் குன்றும். தரம் குன்றினால் விலை குறையும். விலை குறைந்தால் மரத்தைப் பேணுவார் இலர். பிணைந்தவற்றைப் பிரித்து நிர்வகிப்பதில் காலமும் பொருளும் வீணாகக்கூடும்.

ஆகவே, 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இம்மூன்றும் இணைக்கப்பட்டன. 1998 ஜனவரி முதல் நாளன்று மலேசிய ரப்பர் வாரியம் பணியைத் தொடங்கியது. ஆராய்ச்சி, உரிமம், தரக் கட்டுப்பாடு ஆகிய யாவும் அதன் பொறுப்பாயின.

இங்கு ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். 1973-இல் தொடங்கப்பட்ட ரிஸ்டா இவ்விணைப்பில் சேரவில்லை. மறுநடவு உதவி நாடும் சிறு தோட்டக்காரர்கள் ரிஸ்டாவையே அணுக வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாதவர் வேலை நாளை இழந்து அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும்.

இணைப்பினால் மட்டும் ரப்பர் விலை உயர்ந்துவிடாது. அது உலகச் சந்தையைப் பொறுத்தது. எனினும், விலை வீழும்போது கைகொடுக்க, 2015-இல் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் வகுக்கப்பட்டது. விலை குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் இத்தொகை வழங்கப்படும். இதைப் பெற, வாரியத்தின் விற்பனை அனுமதி அட்டையும், உரிமம் பெற்ற வணிகரிடம் விற்றதற்கான ரசீதும் தேவை. பிறர் நிலத்தில் பங்குக்குப் பால் வெட்டுவோரும் அட்டைக்கு விண்ணப்பித்தல் நலம்.

அட்டையின்றி விற்பவரும், ரசீது கேளாமல் திரும்புபவரும் தமக்குரியதைத் தாமே இழக்கின்றனர். நிறுவனங்களை ஒன்றாக்குவது அரசின் கடமை. அதன் பயனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.