மீட்டாத காந்தாரம் கேட்பது ஏன்?

தம்புராவின் நான்கு தந்திகள் பெரும்பாலும் பஞ்சமம், ஷட்ஜம், ஷட்ஜம், மந்தர ஷட்ஜம் என்றே சுருதி சேர்க்கப்பட்டாலும், கூர்ந்து கேட்கும் செவிக்கு எத்தந்தியிலும் இல்லாத அந்தர காந்தாரம் கேட்பதற்குக் காரணம், அதிரும் தந்தி தன் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4, 5 மடங்குகளையும், அதாவது மேற்சுரங்களையும், எழுப்புவதே. ஷட்ஜத்தின் ஐந்தாம் மடங்கே அக்காந்தாரம். பிற கருவிகள் பலவற்றில் நலிந்தே ஒலிக்கும் இது இங்கு ஓங்குவது, வளைந்த குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகப்படும் ஜீவா என்னும் நூலிழை, தந்தி ஒவ்வோர் அதிர்விலும் குதிரையை உரசுமாறு செய்து, ஆற்றலை மேற்சுரங்களுக்குத் திருப்பிவிடுவதால்தான். ஒரு மேற்சுரத்தின் அசையாப் புள்ளியில் மீட்டினால் அச்சுரம் எழாது என்னும் பொதுவிதியைக்கூடத் தம்புரா மீறுவதை சி. வி. ராமன் 1921இல் எடுத்துக்காட்டினார். செவியைப் பழக்க விரும்புவோர், கச்சேரிக்கு முன் சுருதி மட்டும் ஒலிக்கும் பொழுதில், மந்தர ஷட்ஜம் மீட்டப்பட்டவுடன் மேலெழும் அந்தக் காந்தாரத்தைத் தேடலாம். அது பிடிபட்டபின், சங்கராபரண ராகத்தின் காந்தாரம் அதனுள் கரைவதும், தோடியின் காந்தாரம் அதிலிருந்து விலகி நிற்பதும் தெளிவாகக் கேட்கும்.