படுக்கையருகே ஒரு நகைச்சுவை நாவல்

நோய் ஒருவருக்கு வந்தாலும் அதன் பாரம் வீடு முழுவதையும் அழுத்துகிறது. மருந்துச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, முதிய பெற்றோரின் இயலாமை ஆகிய அனைத்தும் நாற்பது, ஐம்பது வயதினரின் தோளில் ஒருசேர இறங்குகின்றன. அப்போது கணவன் மனைவியிடையே பேச்சுக் குறைகிறது. பேசும் சில சொற்களும் சுடுகின்றன. அத்தகைய குடும்பங்களுக்கு, மருந்துச் சீட்டில் எழுத இயலாத ஒன்றைப் பரிந்துரைக்க விரும்புகிறேன். அது, குடும்ப வாழ்வைச் சொல்லும் நகைச்சுவை நாவல்.

தமிழில் இதற்குக் குறைவில்லை. நமக்கு அருகிலுள்ள திருவண்ணாமலையில் வழக்கறிஞராக விளங்கிய எஸ்.வி.வி., 1930களில் ஆனந்த விகடனில் எழுதினார். கணவன் மனைவி ஊடலும் வீட்டுக்குள் எழும் சிறு பிணக்குகளுமே அவருடைய களம்.

துப்பறியும் சாம்புவைப் படைத்த தேவன் (1913-1957), 'ஸ்ரீமான் சுதர்சனம்' என்ற நாவலையும் எழுதினார். சொற்பச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒரு குமாஸ்தா, அலுவலகப் பணத்தில் கை வைத்துவிட்டு அஞ்சி அஞ்சிக் காலம் கழிக்கும் கதை அது. சிரித்தபடியே படிக்கிறோம்; ஆயினும் வெளியில் சொல்ல முடியாத கவலை ஒரு மனிதனை எவ்வாறு அரிக்கும் என்பதும் புரிகிறது. நோயாளிக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்தவர்களுக்கு இக்கதை அந்நியமாக இராது.

பாக்கியம் ராமசாமி என்ற பெயரில் ஜ.ரா. சுந்தரேசன் குமுதத்தில் எழுதிய அப்புசாமி, சீதாப்பாட்டி கதைகளை முதியவர்கள் மிகவும் விரும்புவர். வயதான அத்தம்பதியர் ஓயாமல் சண்டையிடுவர். ஆனால், ஒருவரையொருவர் விட்டுப் பிரியார்.

பலாச்சுளை எடுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதைப் பண்ருட்டி மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிசின் இல்லாமற் போவதில்லை; கையில் ஒட்டாதிருக்கிறது. நகைச்சுவையும் அவ்வாறே. நம் வீட்டுச் சண்டையை வேறொரு வீட்டில் நடப்பதாகப் படிக்கும்போது, கோபமின்றி அதைப் பார்க்க முடிகிறது. நேரில் பேச முடியாத ஒன்றைப் பேசவும் வழி பிறக்கிறது.

சில குறிப்புகளை மனத்தில் கொள்ளுங்கள். நோயாளி விரும்பினால் மட்டுமே, நாளுக்குப் பத்து நிமிடம், பக்கத்துப் படுக்கையினருக்கு இடையூறின்றிப் படித்துக் காட்டுங்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், சிரிக்கும்போது தையலின் மேல் சிறு தலையணையை மென்மையாக அழுத்திக்கொண்டால் வலி குறையும். ஆஸ்துமா உள்ள சிலருக்குப் பலத்த சிரிப்பு இருமலைத் தூண்டும். இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நோயாளியின் மறதியையோ இயலாமையையோ கேலிப்பொருள் ஆக்காதீர்கள். கதைமாந்தரைப் பார்த்துச் சிரிப்பது வேறு, படுத்திருப்பவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு.

நாவல் சிகிச்சைக்கு மாற்றாகாது. இரண்டு வாரங்களுக்கு மேலாக மனச்சோர்வோ, எதிலும் நாட்டமின்மையோ, உறக்கக் குறைவோ நீடித்தால் மருத்துவரிடம் கூறுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திராதீர்கள். உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கும் இது பொருந்தும். "எனக்கென்ன, நோயாளி அவர்தானே" என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்கள் உடல்நிலையையும் மனநிலையையும் கேட்டறிவது எங்கள் கடமையே.